கோச்சு வண்டியின் மேல்தட்டு

(மும்பை தாராவியில் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற திரைப்படத் திறனாய்வு அமர்வில், ‘ஓம்ப்ரே’ படம் திரையிடப்பட்ட பின் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



சற்று முன் திரையில் ஓடி முடிந்த படம் 1967ஆம் ஆண்டில் வெளிவந்தது. எல்மோர் லெனார்ட் 1961இல் எழுதிய நாவலைத் தழுவி மார்ட்டின் ரிட் இயக்கியது. குதிரை, துப்பாக்கி, பாறைக்காடு ஆகியவை நிறைந்த அமெரிக்கப் படத்தைத் தாராவியில் ஏன் திரையிட வேண்டும் என்று சில தோழர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. கௌபாய் படங்களில் பெரும்பாலானவை ஒரு பெருங்கொள்ளையை வீரகாவியமாக மாற்றியவை. நிலத்துக்கு உரியவர்களான செவ்விந்தியர்களைக் காட்டுமிராண்டிகளாகவும், நிலத்தைப் பறித்தவர்களை நாகரிகத்தின் தூதர்களாகவும் காட்டியவை. தமிழிலும் கர்ணன் போன்றோர் அந்தப் பாணியில் ஜெய்சங்கரைக் குதிரையேற்றிப் படம் எடுத்ததை மூத்த தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

‘ஓம்ப்ரே’ அந்தப் பாணியை உள்ளிருந்தே திருப்பிப் போட்ட படம். அதை உருவாக்கியவர்களின் வரலாறு இதற்கு ஒரு காரணம். மார்ட்டின் ரிட், அமெரிக்காவில் கம்யூனிஸ்டு எதிர்ப்பு வெறி தலைவிரித்தாடிய 1950களின் தொடக்கத்தில் தொலைக்காட்சித் துறையின் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு வேலையிழந்தவர். அந்த அனுபவத்தையே 1976இல் ‘தி ஃப்ரன்ட்’ என்னும் படமாக எடுத்தார். திரைக்கதை எழுதிய இர்விங் ராவெச், ஹாரியட் ஃபிராங்க் இணையர் பின்னாளில் ரிட்டுக்காக எழுதிய ‘நார்மா ரே’ (1979), பஞ்சாலைத் தொழிலாளிப் பெண் ஒருத்தி சங்கம் கட்டிய கதை. ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வோங் ஹோ சீனாவில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா சென்றவர். சீனர்கள் குடியுரிமை பெறவியலாதபடி சட்டம் இருந்த காலத்தில் அங்கே வளர்ந்தவர். வெள்ளையினப் பெண்ணான எழுத்தாளர் சனோரா பாபுடன் அவர் நடத்திய இல்வாழ்க்கையைக் கலிபோர்னியா மாநிலம் 1948 வரை ஏற்கவில்லை. நாட்டுக்குள் இருந்துகொண்டே வெளியாள் எனப்படுவதன் வலியைப் பட்டறிந்தவர்களின் கைகள் இப்படத்தில் இருக்கின்றன.

வண்டிக்குள் ஏறியவர்கள்

கதையைச் சுருக்கமாக நினைவுகூரலாம். ஜான் ரஸ்ஸல் வெள்ளையினத்தில் பிறந்தவன். அபாச்சே இன மக்களிடையே வளர்ந்தவன். அவனுக்கு ஒரு விடுதி உரிமைச்சொத்தாக வருகிறது. அதை விற்றுக் குதிரைகள் வாங்க முடிவு செய்கிறான். விடுதியை நடத்தி வந்த ஜெஸ்ஸி என்ற பெண்ணுக்கு வேலை போகிறது. இருப்புப்பாதை வந்துவிட்டதால் கோச்சு வண்டி நிறுவனமும் மூடப்படுகிறது. அங்கும் பலருக்கு வேலை போகிறது. இந்நிலையில் கடைசியாக ஒரு வண்டி கிளம்புகிறது. ரஸ்ஸல், ஜெஸ்ஸி, ஓர் இளம் தம்பதி, வண்டியோட்டும் மெக்சிகோக்காரரான மெண்டெஸ், ஃபேவர் என்னும் அரசு அதிகாரி, அவருடைய மனைவி ஆட்ரா ஆகியோர் அதில் பயணிகள். ஃபேவர் சாதாரண அதிகாரி அல்லர். சான் கார்லோஸ் ஒதுக்கிடத்தில் அடைக்கப்பட்ட அபாச்சே மக்களுக்கு உணவு வழங்கும் பொறுப்பு அவருடையது.

வண்டி கிளம்பும்முன் ஒரு சிறு நிகழ்ச்சி. கிரைம்ஸ் என்னும் முரடன், பயணச்சீட்டு வைத்திருந்த படைவீரன் ஒருவனை மிரட்டி அவனது இடத்தைப் பறித்துக்கொள்கிறான். படைவீரன் சுற்றியிருப்போரைப் பார்க்கிறான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. துப்பாக்கியைத் தாங்கிய ரஸ்ஸலும் திறக்கவில்லை.

வழியில் ரஸ்ஸல் அபாச்சேகளோடு வாழ்ந்தவன் என்பது தெரியவருகிறது. அதிகாரியின் குடும்பம் முகஞ்சுளிக்கிறது. அவன் வண்டிக்குள் உட்காராமல் மேலே ஓட்டுநரின் பக்கத்தில் உட்காரட்டும் என்று மெண்டெஸிடம் சொல்லப்படுகிறது. அவனும் மறுமொழியின்றி மேலே ஏறிக்கொள்கிறான். பிறகுதான் வழிப்பறி நிகழ்கிறது. கிரைம்ஸே கொள்ளைக் கூட்டத்தின் தலைவன். சட்டத்தைக் காக்க வேண்டிய ஷெரீஃப்பும் அக்கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான். அவர்கள் தேடி வந்தது அதிகாரியின் பணப்பையை. அந்தப் பணமோ, பசித்த அபாச்சே மக்களின் இறைச்சிக்கென அரசு ஒதுக்கியதில் அதிகாரி கையாடியது. ஆட்ராவைப் பிணையாளாகப் பிடித்துக்கொண்டு கொள்ளையர் செல்கின்றனர்.

நட்ட நடுப் பாலையில் தண்ணீரின்றி நிற்கும் பயணிகள் அனைவரும் அப்போது ஒருவனையே அண்ணாந்து பார்க்கின்றனர். வண்டியின் மேல்தட்டுக்கு அனுப்பப்பட்டவனே அவர்களைக் கரைசேர்க்க வேண்டியவனாகிறான்.

பாலை என்பது ஆக்கப்பட்ட நிலம்

வழிச்செல்வோர், ஆறலை கள்வர், நீரற்ற சுரம், பொருள்வயிற் பிரிவு: இவை தமிழ் இலக்கியம் பயின்றோருக்குப் பழகிய பாலைத்திணையின் கூறுகள். கௌபாய் படங்களின் நிலமும் இதுவே. பாலையைப் பற்றிச் சிலப்பதிகாரம் கூறும் விளக்கம் கூர்மையானது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுத் துயர் தரும் நிலையை அடையும்போது பாலையாகின்றன என்கிறது அது. இயற்கையில் தனியே பாலை என்று ஒரு நிலம் இல்லை. வேறொன்றாக இருந்த நிலம் பாலையாகிறது.

அமெரிக்கர்கள் ‘எல்லைப்புறம்’ என்று அழைத்த நிலத்துக்கும் இது பொருந்தும். 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லைப்புறம் முடிந்துவிட்டதாக அறிவித்தது. 1893இல் ஃபிரடெரிக் ஜாக்சன் டர்னர் என்ற வரலாற்றாசிரியர், அமெரிக்கரின் குணத்தை உருவாக்கியதே அந்த எல்லைப்புறம் என்று கொண்டாடினார். யாருமற்ற வெற்றிடம் போல அவர் எழுதிய நிலத்தில் ஏற்கெனவே மக்கள் இருந்தனர். மலைகளிலும் காடுகளிலும் வாழ்ந்த அபாச்சே குழுக்கள், 1872இல் அமைக்கப்பட்ட சான் கார்லோஸ் ஒதுக்கிடத்தின் வறண்ட தாழ்நிலத்தில் கொண்டுவந்து அடைக்கப்பட்டன. அரசுப் படியை எதிர்பார்த்தே அவர்கள் உயிர்வாழ வேண்டும் என்ற நிலை உருவாக்கப்பட்டது. அந்தப் படியும் ஒழுங்காக வந்து சேரவில்லை. சான் கார்லோஸின் முகவராக இருந்த டிஃபனி என்பவரின் ஊழலை 1882இல் டூசான் நகரின் பெருநடுவர் குழு கடுமையாகக் கண்டித்தது வரலாற்றுப் பதிவு. ஃபேவர் பாத்திரம் வெறுங்கற்பனையில் முளைத்ததன்று.

இப்போது தாராவிக்கு வரலாம். இது கோலி மீனவர்களின் நெய்தல் நிலம். மாகிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு. 19ஆம் நூற்றாண்டில் நகரத்தின் வடவிளிம்பு. நாற்றமெடுக்கும் தொழில்களை ஊருக்கு வெளியே தள்ள விரும்பிய நகரம், தோல் பதனிடும் தொட்டிகளை இங்கே தள்ளியது. அந்தத் தொட்டிகளில் இறங்கி வேலை செய்யத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒடுக்கப்பட்ட சாதியினரும் தமிழ் முஸ்லிம்களும் வந்தனர். சௌராஷ்டிரத்திலிருந்து குயவர்கள் வந்தனர். சேற்றைத் தூர்த்தவர்கள், குடிசையைக் குடியிருப்பாக்கியவர்கள், தெருவைத் தொழிற்கூடமாக்கியவர்கள் இவர்களே.

நகரம் வடக்கே வளர்ந்ததும் விளிம்பு நடுவாயிற்று. மிட்டி ஆற்றுக்கு அப்பால் பாந்திரா குர்லா வளாகம் எழுந்தது. சுமார் 600 ஏக்கர் தாராவி திடீரெனத் தங்கமாயிற்று. நிலம் பயனற்றதாக இருந்தவரை அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்க எவரும் வரவில்லை. விலை ஏறியவுடன், ‘நீ யார், எங்கிருந்து வந்தாய், எந்த ஆண்டு வந்தாய், சான்று எங்கே’ என்ற கேள்விகள் வந்துவிட்டன. வெளியாள் என்ற சொல்லுக்கு ஊரோடும் மொழியோடும் உள்ள தொடர்பைக் காட்டிலும் நில விலையோடு உள்ள தொடர்பு நெருக்கமானது.

உணவும் இருக்கையும்

ரஸ்ஸலை மேல்தட்டுக்கு அனுப்புவதற்கு முன் வண்டிக்குள் நிகழும் பேச்சு உணவைப் பற்றியது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அபாச்சேகள் நாயைத் தின்பவர்கள் என்று ஆட்ரா அருவருக்கிறாள். பசி என்றால் என்னவென்று அறியாதவரின் அருவருப்பு அது என்பதை ரஸ்ஸல் சுட்டிக்காட்டுகிறான். அந்த மக்களின் இறைச்சிக்கான பணம் அவளுடைய கணவரின் பைக்குள்தான் இருக்கிறது. தட்டில் இருந்ததைத் திருடியவரின் வீட்டாரே, தட்டில் மிஞ்சியதைப் பார்த்து மூக்கைப் பொத்துகின்றனர்.

மகாராட்டிரத்தில் 2015ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம் காளைகளையும் எருதுகளையும் வெட்டுவதைத் தடை செய்தது. எருமை மட்டுமே எஞ்சியது. அச்சட்டம் ஏழையின் தட்டிலிருந்து மலிவான புரதத்தை எடுத்ததோடு நிற்கவில்லை. தாராவியின் தோல் பட்டறைகளுக்குக் கச்சாப்பொருள் குறைந்தது. பை தைப்பவர், வார் வெட்டுபவர், செருப்புக்கு அட்டை ஒட்டுபவர் எனப் பலரது கூலி குறைந்தது. உணவின் பெயரால் எழுப்பப்படும் அருவருப்பு எப்போதும் ஓர் இருக்கையைப் பறிப்பதில்தான் போய் முடிகிறது.

தமிழர்கள் தமக்குள்ளேயும் இதைப் பார்க்க வேண்டும். தாராவியிலிருந்து மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடக்கும் தூரம். அங்கே சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் குடியேறிய தமிழர்கள் பெரும்பாலும் படித்த உயர்சாதியினர்: எழுத்தர்கள், சுருக்கெழுத்தாளர்கள், கணக்கர்கள். 1932இலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் உருவாயிற்று. பின்னர் அவர்களில் பலர் செம்பூரிலும் பரவினர். பெரும்பாலும் ஒரே மொழி பேசி, ஒரே இரயில் பாதையில் வந்தவர்கள்தாம். ஆயினும் ஒரு சாரார் வண்டிக்குள்ளே அமர்ந்தனர். மற்றவர் தோல் தொட்டிக்குள் இறங்கினர். ‘மும்பைத் தமிழர்’ என்ற ஒற்றைச் சொல்லால் இந்த இடைவெளியை மூடிவிட முடியாது. தோலுரித்தவர் கைபட்ட தண்ணீரைக் குடிக்க மறுத்த சாதி, ஆயிரம் கல் தொலைவையும் அவர்களோடு சேர்ந்தே கடந்து வந்தது. மகாராட்டிரத்தில் இதே கேள்வியை எதிர்கொண்டவர்களில் ஒருவர் தோழர் ஆர்.பி. மோரே. 1927இல் மகாடு போராட்டத்தை ஒழுங்கு செய்தவர்களில் முன்னின்றவர். 1930இல் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தவர். சாதியை எதிர்ப்பதும் சங்கம் கட்டுவதும் ஒரே வேலையின் இரு கைகள் என்பதைத் தம் வாழ்நாளால் காட்டியவர்.

1967இல் இந்த நகரம்

‘ஓம்ப்ரே’ வெளிவந்த 1967இல் இந்த நகரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? ‘மார்மிக்’ வார இதழ் தொலைபேசிப் பட்டியலிலிருந்து தென்னிந்தியர்களின் பெயர்களைப் பொறுக்கி எடுத்து, மராத்தியரின் வேலையைப் பறித்தவர்கள் இவர்களே என்று பட்டியலிட்டு வந்தது. அந்த வெறுப்பின் மீது 1966 ஜூன் 19 அன்று சிவசேனை நிறுவப்பட்டது. வேட்டி கட்டியவர் கேலி செய்யப்பட்டார். தென்னிந்தியர் உணவகங்கள் தாக்கப்பட்டன. ‘மதராசி’ என்ற ஒரே சொல்லில் தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் அனைவரும் அடைக்கப்பட்டனர். 1967 பொதுத்தேர்தலில் வி.கே. கிருஷ்ண மேனனுக்குக் காங்கிரஸ் இடம் மறுத்தது. மும்பை வடகிழக்கில் சுயேச்சையாக நின்ற அவரை வெளியாள் என்று தாக்கி, சேனை எதிர்ப்பிரச்சாரம் செய்தது. அவர் தோற்றார். அவரை வென்ற பார்வே மறைந்ததால் நடந்த இடைத்தேர்தலிலும் தோற்றார்.

எழுத்தர் வேலைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்பியவர்களின் அடிகள் யார் மீது விழுந்தன? உயர் அலுவலர்களின் மாடிவீடுகளைவிட, நடைபாதைக் கடைகளும் குடிசைகளுமே எளிதில் எட்டின. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த அரசியலின் பாதையில் முதன்முதலில் கொல்லப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் தமிழரும் அல்லர், மலையாளியும் அல்லர். பரேல் தொகுதியின் கம்யூனிஸ்டு உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாய், மராத்தி பேசும் தொழிலாளர்களின் தலைவர். 1970 ஜூன் 5 அன்று அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு நடந்த இடைத்தேர்தலில் அவருடைய துணைவியார் சரோஜினி தேசாயைத் தோற்கடித்தே சேனை தன் முதல் சட்டமன்ற உறுப்பினரைப் பெற்றது.

வெளியாளை விரட்டுவோம் என்ற முழக்கத்தின் உண்மையான இலக்கு, உள்ளூர்த் தொழிலாளியின் சங்கமாக இருந்தது. அதன் விளைவை 1982 ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின் நகரம் கண்டது. சுமார் இரண்டரை இலட்சம் தொழிலாளர் பங்கேற்ற போராட்டம் முறியடிக்கப்பட்டது. கிரண்காவ் என்ற ஆலை ஊர் வணிக வளாகங்களும் கோபுரக் குடியிருப்புகளும் ஆயிற்று. அங்கிருந்து வெளியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மராத்தியர். மண்ணின் மைந்தர்கள் என்று போற்றப்பட்டவர்கள். மதராசியை வண்டியின் மேல்தட்டுக்கு அனுப்பிய கைதட்டல் ஓய்வதற்குள், உள்ளே இருந்தவர்களின் பயணச்சீட்டும் கிழிக்கப்பட்டது.

மேல்தட்டில் இருத்தப்படுபவர் காலந்தோறும் மாறி வந்திருக்கிறார். 1960களில் தென்னிந்தியர். 1992 டிசம்பருக்குப் பின் முஸ்லிம்கள். 2008இல் உத்தரப் பிரதேசம், பீகார் தொழிலாளர்கள். அயோத்தி இயக்கக் காலத்தில், முன்பு ‘மதராசி’ எனத் தாக்கப்பட்டவர்களிடம் ‘நீங்களும் இந்துக்களே, உள்ளே வாருங்கள்’ என்று இடம் நீட்டப்பட்டதையும், சிலர் அந்த இடத்தில் உட்கார்ந்ததையும் இங்குள்ள மூத்த தோழர்கள் அறிவார்கள். அவர்கள் உட்கார்ந்த இடம், இதே தாராவியின் தமிழ் முஸ்லிமை எழுப்பிவிட்ட இடம்.

தன்னாளுக்காக நிற்பவன்

படத்தின் தொடக்கத்தில் ஒரு மதுக்கடையில் அபாச்சேகளைச் சீண்டிய ஒருவனை ரஸ்ஸல் துப்பாக்கிக் கட்டையால் அடித்து வீழ்த்துகிறான். ஆனால் படைவீரனின் இடம் பறிக்கப்படும்போது அசையாமல் இருக்கிறான். முரண்பாடு போலத் தோன்றினாலும் இரண்டிலும் ஒரே விதியே செயல்படுகிறது: தன் ஆட்களுக்காக மட்டுமே நிற்பது. இவ்வுலகம் தனக்கு எதுவும் செய்ததில்லை, தானும் அதற்கு எதுவும் செய்யவேண்டியதில்லை என்பது அவனது கணக்கு. அடிபட்டவனுக்கு இந்தக் கணக்கு இயல்பானது. அதைப் பழிப்பது எளிது, புரிந்துகொள்வது கடினம்.

மும்பைத் தமிழர் வரலாற்றிலும் இந்தக் கணக்கு செயல்பட்டது. அரசும் காவல்துறையும் பாதுகாக்காத குடிசைவாசிகள், ஆபத்துக்கு உதவும் ‘நம்மவரை’ நாடினர். வரதராஜ முதலியாரின் செல்வாக்கு மாட்டுங்கா, தாராவி வட்டாரத்தில் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவருடைய வாழ்வின் சாயலில் எடுக்கப்பட்ட ‘நாயகன்’ (1987) அந்த நன்றியுணர்வைக் காவியமாக்கியது. ஆனால் கள்ளச்சாராயத்தில் எழுந்த அந்த அதிகாரத்தின் விலையைக் கொடுத்ததும் அதே குடிசைகள்தாம். சாராயத்தில் கருகிய குடல்களும், கணவனை இழந்த பெண்களும், காவல் நிலையத்தில் சிக்கிய இளைஞர்களும் அந்தக் காவியத்தில் உரிய இடம் பெறவில்லை. நம்மவர் என்பதற்காக ஏற்கப்படும் தலைமை, நம்மவரையே முதலில் விற்கிறது.

‘ஓம்ப்ரே’யில் ரஸ்ஸலோடு வாதிடுபவள் ஜெஸ்ஸி. அவனால் வேலையிழந்தவள்; அவன் மீது கோபப்பட அவளுக்கே அதிக உரிமை உண்டு. ஆட்ராவைக் கொள்ளையர் கொளுத்தும் வெயிலில் கட்டிப்போட்டு, பணப்பையைக் கேட்கின்றனர். ஆட்ராவின் கணவர் பணத்தைவிட மனமில்லாதவர். அபாச்சேகளை அருவருத்த அவளுக்காகத் தான் ஏன் சாகவேண்டும் என்பது ரஸ்ஸலின் நிலை. ஜெஸ்ஸியோ, அந்தப் பெண் நல்லவளா கெட்டவளா என்ற விசாரணையில் இறங்குவதில்லை. ஒருவர் இன்னொருவருக்கு உதவியே ஆகவேண்டும் என்கிறாள். மற்றவர்கள் தயங்க, தானே இறங்கிச் செல்லத் தயாராகிறாள். அந்த இடத்தில்தான் ரஸ்ஸல் மாறுகிறான். பணம் அபாச்சேகளிடமே சென்றுசேர வேண்டும் என்று இளைஞனிடம் ஒப்படைத்துவிட்டு, வெற்றுப் பையோடு இறங்கி, அவளை விடுவித்து, போரிட்டு மடிகிறான். ‘ஓம்ப்ரே’ என்ற ஸ்பானியச் சொல்லுக்கு மனிதன் என்று பொருள். வெள்ளையனா, அபாச்சேயா என்று படம் முழுவதும் கேட்கப்பட்டவன், முடிவில் அந்தச் சொல்லுக்குத் தகுதி பெறுகிறான்.

இரு செய்திகளை அவன் பிரிக்காமல் சேர்த்துச் செய்கிறான் என்பது குறிப்பிடத்தக்கது. எதிரியின் மனைவியையும் காப்பாற்றுகிறான். பணத்தை அதன் உண்மையான உரிமையாளர்களுக்கே அனுப்புகிறான். மனிதநேயம் என்ற பெயரில் பணத்தைக் கொள்ளையரிடமோ அதிகாரியிடமோ விட்டுவிடவில்லை.

தகுதி உள்ளவர், தகுதி அற்றவர்

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் இன்று கேட்கப்படும் கேள்வியும் இருக்கை பற்றியதே. 2019இல் செக்லிங்க் நிறுவனம் 7,200 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டிருந்த திட்டம், பின்னர் ரத்து செய்யப்பட்டு, 2022இல் புதிய ஏலத்தில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்திடம் சென்றது. அந்த ரத்து செல்லும் என்று மும்பை உயர்நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. திட்ட நிறுவனத்தில் 80 விழுக்காடு அக்குழுமத்துக்கு, 20 விழுக்காடு மாநில அரசுக்கு. 2000 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிந்தியவர்களுக்கும், மேல்தளவாசிகளுக்கும் தாராவிக்கு வெளியே. அதுவும் விலைக்கோ வாடகைக்கோ.

மேல்தளத்தில் குடியிருப்பவர் யார்? ஏணியில் ஏறி, பத்துக்குப் பத்து அறையில் தையல் எந்திரத்தோடு உறங்குபவர். தரைத்தளத்தவரின் மகன், மருமகள், அல்லது அவர்களுக்கு வாடகை கொடுப்பவர். கோச்சு வண்டியின் மேல்தட்டு என்று சொன்னது உவமை. தாராவியில் அது உண்மையாகவே மேல்தளமாக இருக்கிறது.

வெளியே என்றால் எங்கே? 2024இல் மாநில அரசு இத்திட்டத்துக்கு ஒதுக்க முடிவு செய்த இடங்களில் தேவ்னார் குப்பைக் கிடங்கின் நிலமும் ஒன்று. 1971இல் இறைச்சிக்கூடம் பாந்திராவிலிருந்து தேவ்னாருக்கு மாற்றப்பட்டது. தோல் தொட்டிகளும் தாராவியைவிட்டு நகர்ந்தன. தொழில் போன வழியே இப்போது தொழிலாளியும் அனுப்பப்படுகிறார். செம்பூருக்கு அருகே, சுத்திகரிப்பு ஆலைகளின் புகைக்கு நடுவே உள்ள மாகுல் குடியிருப்பில் என்ன நேர்ந்தது என்பது செம்பூர்த் தோழர்களுக்குத் தெரியும். குழாய்ப்பாதையோரக் குடிசைகளிலிருந்து அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்டவர்கள் மூச்சுத் திணறலும் தோல் நோயும் கண்டு போராடினர். மக்களை அங்கே கட்டாயப்படுத்தி அனுப்பக்கூடாது. வேறு வீடு தரும்வரை மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடுக்கவேண்டும் என்று 2019இல் உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. மலைவாழ் மக்களுக்குச் சான் கார்லோஸ். குழாய்ப்பாதை மக்களுக்கு மாகுல். பாலை இன்றும் ஆக்கப்படுகிறது.

தெருக்களில் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சந்திலும் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன: சான்று உள்ளவர், இல்லாதவர். ‘நமக்குக் கிடைத்துவிட்டது, மேலே இருப்பவன் பாடு அவன் பாடு’ என்ற பேச்சு தேநீர்க் கடைகளில் கேட்கிறது. அதைச் சொல்பவர் கெட்டவர் அல்லர். படைவீரனின் இருக்கை பறிக்கப்படும்போது கண்ணை வேறுபக்கம் திருப்பிய பயணி அவர். ஆனால் அந்த இருக்கையைப் பறித்தவன்தான் சில மணி நேரத்துக்குப் பின் அனைவரையும் கொள்ளையடித்தான்.

படத்தின் எல்லை

இப்படத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அபாச்சேகளின் பசியைப் பற்றிய கதையில் அபாச்சேகள் தொடக்கக் காட்சிகளுக்குப் பின் மறைந்துவிடுகின்றனர். அவர்களின் சார்பில் பேச, நீலக்கண் கொண்ட பால் நியூமன் தேவைப்படுகிறார். பணம் சான் கார்லோஸ் போய்ச் சேர்ந்ததா, அங்கே மக்கள் என்ன செய்தனர் என்பதைப் படம் காட்டுவதில்லை. ஒரு தனிமனிதனின் சாவோடு திரை மூடுகிறது. தன்னை ஒதுக்கியவர்களுக்காக ஒதுக்கப்பட்டவனே உயிர்விட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கேள்விக்குரியது. ஒடுக்கப்பட்டவரின் தியாகத்தைப் பாராட்டிவிட்டு, ஒடுக்குமுறையை இருந்த இடத்திலேயே விட்டுவிடும் பழக்கம் எல்லாச் சமூகங்களிலும் உண்டு.

பா. ரஞ்சித்தின் ‘காலா’ (2018) இவ்விடத்தில் ஓர் அடி முன்னே செல்கிறது. அதன் களம் தாராவி, நாயகன் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பத்தவன், பிரச்சினை நிலம். அதிலும் பெருநாயகனின் நிழல் நீளமாகவே விழுகிறது. ஆயினும் இறுதியில் அந்த நாயகனின் முகம் கூட்டத்தின் பல முகங்களாகப் பெருகுகிறது. தொழிலாளர்கள் கையை நிறுத்தினால் நகரம் நிற்கும் என்ற உண்மையும் அதில் இடம்பெறுகிறது. ரஸ்ஸல் தனியே இறங்கிச் சென்ற சரிவில், ஊரே இறங்கினால் என்னவாகும் என்று அந்தப் படம் கேட்கிறது.

அந்தக் கேள்விக்கான விடை திரையில் கிடைக்காது. தரைத்தளத்தவர் மேல்தளத்தவருக்காகவும், சான்று உள்ளவர் இல்லாதவருக்காகவும், தமிழர் பீகாரிக்காகவும், மராத்தியர் தமிழருக்காகவும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் கையெழுத்திடும் நாளில்தான் அது கிடைக்கும். குடியிருப்போர் அனைவருக்கும் தாராவியிலேயே வீடு. பட்டறைகளுக்குத் தாராவியிலேயே இடம். எந்தக் குடும்பமும் குப்பைமேட்டுக்கு அனுப்பப்படக் கூடாது. கோரிக்கைகள் கடினமானவை அல்ல. அவற்றின் பின்னால் ஒரே வரிசையில் நிற்பதே கடினம்.

கூட்டம் முடிந்து ஒவ்வொருவரும் தத்தம் சந்துக்குத் திரும்பும்போது, கணக்கெடுப்பில் விடுபட்ட பக்கத்து ஏணியின் மேல் யார் குடியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். பெயரைக் கேளுங்கள். அவரிடம் என்ன தாள் இருக்கிறது, என்ன தாள் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தின் முதல் பொருள் அந்தப் பட்டியலாக இருக்கட்டும்.